பட்டியலில் இல்லாத நிறுத்தம்

அந்தத் திங்கட்கிழமை காலை நான் மணியை மூன்று தடவை அழுத்தினேன். பதினான்காம் எண் பேருந்து நிற்கவில்லை. எங்கள் சலவைக்கூடத்தின் பச்சை கேட் ஜன்னலில் வந்தது, ஜன்னலோடு போயும்விட்டது. இறங்குவதற்காக எழுந்து நின்ற இருபத்திரண்டு பெண்களும் கம்பியைப் பிடித்தபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

என் அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்பக்கம் போனாள். "என்ன டிரைவர் அண்ணே, தூக்கமா?"

மழையானாலும் வெயிலானாலும் தலையில் கம்பளித் தொப்பி இருக்கும் என்பதால் நாங்கள் அவரைத் தொப்பி டிரைவர் என்போம். அவர் திரும்பாமலே தன் முன்னால் இருந்த திரையை விரலால் காட்டினார். "உங்க நிறுத்தத்த எடுத்துட்டாங்கம்மா. இன்னைலேர்ந்து. இனிமே ரவுண்டானாதான்."

"யாரு எடுத்தது?"

"எனக்கென்ன தெரியும். காலைல வண்டியக் கிளப்பினேன், பட்டியல்ல அது இல்ல."

"பட்டியல்ல இல்லாட்டி என்ன, இடம் அங்கதான இருக்கு? பிரேக்க மிதிங்க, நாங்க இறங்கிக்கிறோம்."

"மிதிக்கலாம். கதவு திறக்காதே. பட்டியல்ல இருக்கிற இடத்துல நின்னாத்தான் இது கதவத் திறக்க விடும்."

அதற்குள் ரவுண்டானா வந்துவிட்டது. பேருந்துக்கு அதுதான் கடைசி நிறுத்தம். கதவு தானாகத் திறந்தது. இறங்கினோம். வந்த வழியே ஒன்றரைக் கிலோமீட்டர் திரும்பி நடக்க வேண்டும். அந்தச் சாலையில் நடைபாதை கிடையாது. ஒரு பக்கம் சரக்குக் கிடங்குக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள், இன்னொரு பக்கம் சாக்கடைப் பள்ளம். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு மண். ஒருவர் பின்னால் ஒருவராக நடந்தோம். எனக்கு அப்போது ஆறு மாதம். கால் வீங்கிக் கிடந்த நாட்கள். கப்பல் வேலைக்குப் போயிருந்த என் கணவர் திரும்ப இன்னும் நாலு மாதம் இருந்ததால் நான் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன்.

கேட்டுக்குள் நுழைந்தபோது பன்னிரண்டு நிமிடம் தாமதம். வாசலில் முகம் காட்டும் பெட்டி ஒன்று உண்டு. ஏழு மணி மூன்று நிமிடத்துக்குள் அது எங்கள் முகத்தைப் பார்த்தாக வேண்டும். பார்க்காவிட்டால் அரை நாள் விடுப்பு. இருபத்திரண்டு பேருக்கும் அது அரை நாள் விடுப்பு எழுதியது. சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னோம். நல்ல மனிதர்தான். "நான் பாத்தா எழுதாம விட்டுருவேன். பாக்கிறது அந்தப் பெட்டி. அதுகிட்ட நான் என்ன சொல்றது?" என்றார்.

அண்ணி தலைக்குத் துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நகரத்தின் மூன்று மருத்துவமனைகளிலிருந்து படுக்கை விரிப்புகளும் போர்வைகளும் அறுவை அறைத் துணிகளும் எங்களிடம் வரும். நான் துவைக்கும் டிரம் பக்கம். அண்ணி இஸ்திரி உருளையின் மறுமுனையில். சூடாக வெளியே வரும் விரிப்பை இரண்டு பேராகப் பிடித்து நாலு மடிப்பு மடித்து அடுக்குவாள். விளிம்போடு விளிம்பு சேராவிட்டால் உதறி மறுபடி மடிப்பாள். அதனால் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். எதிலும் ஓரம் கோணலாக இருந்தால் அவளுக்குப் பொறுக்காது. "உன் அண்ணிகிட்ட வாயக் குடுத்தா நம்மளையும் நாலா மடிச்சு வச்சிடுவா" என்று அண்ணனே சொல்வான்.

அன்று மாலை அண்ணன் சாப்பாட்டு மேசையில் செல்போனை எடுத்து வைத்தான். லிப்ட் பழுது பார்க்கிறவன். அவனுக்கு எல்லாமே போன்தான். தண்ணீர் வராவிட்டாலும் போன், கரண்ட் போனாலும் போன், பல் வலித்தாலும் முதலில் போன், பிறகுதான் டாக்டர். "இதுக்கா இவ்வளவு முகத்தத் தூக்கி வச்சிருக்கீங்க? அஞ்சு நிமிஷ வேலை. புகார் போடுவோம். நேரா மேலிடத்துக்கே போகும்."

போக்குவரத்துக் கழகத்தின் செயலியைத் திறந்தான். புகார் வகை: நிறுத்தம். அடுத்த கட்டம்: நிறுத்தத்தின் பெயரைத் தேர்ந்தெடுக்கவும். பட்டியலை மேலே தள்ளினான், கீழே தள்ளினான். சலவைக்கூடம் இல்லை.

"இல்லன்னுதான புகாரே," என்றாள் அண்ணி.

"இரு, பக்கத்து நிறுத்தத்தப் போடுறேன்." ரவுண்டானாவைத் தேர்ந்தெடுத்து, கீழே நடந்ததை எல்லாம் விரிவாக எழுதினான். அனுப்பிய அரை நிமிடத்தில் பதில் வந்தது. ரவுண்டானா நிறுத்தத்தில் சேவை இயல்பாக உள்ளது. உங்கள் குறை தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

அண்ணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "தீந்துடுச்சாமே. அப்ப நாளைக்கு நின்னுடும்ல?"

"கிண்டல் பண்ணாத. உதவி எண் இருக்கு."

உதவி எண்ணில் ஒரு பெண் குரல் எங்களை அன்போடு ஒன்றை அழுத்தச் சொன்னது, பிறகு நாலை, பிறகு மறுபடி ஒன்றை. கடைசியில் நிறுத்தத்தின் பெயரைத் தெளிவாகச் சொல்லச் சொன்னது. அண்ணன் சொன்னான். மன்னிக்கவும், அப்படி ஒரு நிறுத்தம் இல்லை என்றது. அண்ணி போனை வாங்கி, "இல்லன்னு எனக்கும் தெரியும்மா. எங்க போச்சுன்னு சொல்லு" என்றாள். அந்தக் குரல் நன்றி சொல்லி வைத்துவிட்டது.

அண்ணன் சலித்துக்கொண்டான். "விடு. இருபது நிமிஷம் முன்னாடி கிளம்புங்க. ஊரோட ஒத்து வாழணும்."

"ஊரோடதான் வாழுறேன். ஊருதான் என்னைய வழில இறக்கி விட மாட்டேங்குது."

வியாழக்கிழமை அண்ணி விடுப்பு எடுத்துக்கொண்டு போக்குவரத்துக் கழக அலுவலகத்துக்குப் போனாள். எனக்கு அன்று ஆஸ்பத்திரிப் பரிசோதனை. அதை முடித்துக்கொண்டு நானும் கூடப் போனேன். கண்ணாடிக் கட்டடம். வாசலில் டோக்கன் வாங்கச் செயலி வேண்டும் என்றார்கள். அண்ணியிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய போன். "டோக்கன் வேணாம், நாங்க இங்கேயே நிக்கிறோம். யாருக்காவது எங்களப் பாக்கப் பாக்கச் சங்கடமா இருந்தா கூப்பிடட்டும்" என்று கதவுக்கு நேராக நின்றுகொண்டாள். முக்கால் மணி நேரத்தில் யாருக்கோ சங்கடம் வந்துவிட்டது. மூன்றாம் மாடிக்கு அனுப்பினார்கள்.

திட்ட அதிகாரிக்கு முப்பது வயது இருக்கும். மரியாதையாகத்தான் பேசினார். கணினியை எங்கள் பக்கம் திருப்பி ஒரு வரைபடத்தைக் காட்டினார். சாலை நெடுக நீலப் புள்ளிகள். ஆட்கள் அதிகம் ஏறும் இடத்தில் பெரிய புள்ளி, குறைவான இடத்தில் சின்னது. சலவைக்கூடம் இருக்கும் இடத்தில் வெறும் சாலை.

"அறுபது நாள் பாத்தோம்மா. ஒருத்தர்கூட அங்க ஏறல, இறங்கல."

"அறுபது நாளும் நான் ஏறி இறங்கியிருக்கேன் சார். ஞாயித்துக்கிழமை தவிர."

"செயலில பயணத்தப் பதிவு பண்ணீங்களா? இல்ல, ஏறும்போது அட்டைய மிஷின்ல வச்சீங்களா?"

"எங்களுக்கு மாசப் பாஸ். கம்பெனி குடுக்கிறது. டிரைவர்கிட்டக் காட்டுவோம், அவர் தலையாட்டுவார், ஏறிடுவோம். வேலை இடத்துல போன் வச்சுக்க விட மாட்டாங்க. பாதிப் பேர்கிட்ட இந்தச் செயலி போடுற போனே கிடையாது."

"அதான். தலையாட்டினது கணக்குல வராதும்மா."

அண்ணி சற்று நேரம் வரைபடத்தையே பார்த்தாள். "சரி சார். இப்ப நாங்க என்ன செய்யணும்?"

"எல்லாரும் செயலியப் போட்டுக்கிட்டு, தினமும் சலவைக்கூடம் நிறுத்தம் வேணும்னு கோரிக்கை வைங்க. தொடர்ந்து அறுபது நாள் வந்தா, அதுவே நிறுத்தத்தச் சேத்துடும்."

"கோரிக்கை வைக்கும்போது நிறுத்தத்தோட பேரைப் பட்டியல்லேர்ந்து எடுக்கணுமா?"

"ஆமா."

"பட்டியல்ல அது இல்லையே."

 அதிகாரி கணினியில் எதையோ தட்டிப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது. பாவம், அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "மேல எழுதிப் போடுறேன்மா," என்றார்.

"எழுதுங்க. உங்க கணக்குல நாங்க இல்ல. ஆனா எங்க பேரைச் சொல்லாம எழுதிடாதீங்க. இருபத்திரண்டு பேர்." ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். அவர் எழுதிக்கொள்ளும்வரை எழுந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முற்பகலில்தான் அந்த யோசனை வந்தது. எங்கள் கிடங்கு சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. துவைத்த துணியைத் தள்ளுவண்டியில் ஏற்றி அங்கே கொண்டுபோவதற்காகக் கேட்டுக்கு நேராகப் பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக்கோடு போட்டிருந்தார்கள். அண்ணியும் நானும் போர்வை வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்தோம். ரவுண்டானாப் பக்கமிருந்து பதினான்காம் எண் வந்தது. வெள்ளைக்கோட்டில் ஆள் இருந்தால் எந்த வண்டியும் நிற்க வேண்டும். நின்றது. தொப்பி டிரைவர் கண்ணாடிக்கு உள்ளே, நாங்கள் வெளியே. நாலடி தூரம்.

அண்ணி நடுச்சாலையில் வண்டியை நிறுத்திவிட்டுப் பேருந்தை மேலும் கீழும் பார்த்தாள். டிரைவர் கையை விரித்து, என்னம்மா என்பதுபோல் காட்டினார். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தக் கரைக்குப் போனதும் என் காதில் சொன்னாள்: "நிக்காதுன்னாங்க. நிக்குதே."

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் கூட்டினாள். கிளி என்று நாங்கள் கூப்பிடும் ஒருத்தி, வாய் ஓயாதவள், முதலில் மறுத்தாள். "ஆளுக்கொரு புதுப் போன் தவணைல வாங்கிட்டாப் போச்சு. இதுக்குப் போயி ரோட்டுல நிக்கணுமா?"

"வாங்கு. நல்ல போனா வாங்கு. அதுல உன் நிறுத்தத்தத் தேடிக் கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லு," என்றாள் அண்ணி. "நான் ரோட்டுல நிக்கச் சொல்லல. நடக்கத்தான் சொல்றேன். வெள்ளைக்கோட்டுல நடக்கிறதுக்கு எந்தச் செயலியும் வேணாம்."

அடுத்த திங்கட்கிழமை மாலை வேலை முடிந்து வெளியே வந்தோம். ஐந்து பத்துக்குப் பேருந்து வந்தது. அண்ணி கையைக் காட்டிவிட்டு வெள்ளைக்கோட்டில் இறங்கினாள். பேருந்து நின்றது. அவள் அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் அடுத்தவள் இறங்கினாள். அவள் சேர்ந்ததும் அதற்கடுத்தவள். யாரும் ஓடவில்லை, யாரும் நடுவில் நிற்கவும் இல்லை. சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் நடப்பதுபோல் நடந்தோம். இருபத்திரண்டு பேர் கடக்க ஒன்பது நிமிடம் ஆனது. பேருந்துக்குப் பின்னால் லாரிகள் ஒலிப்பானை அலறவிட்டன. பேருந்தின் முன் ஜன்னலிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு ஆசிரியை தலையை நீட்டி, "உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று கத்தினார்.

"இப்பத்தான் டீச்சர் முடிஞ்சுது," என்று அண்ணி அந்தக் கரையிலிருந்து பதில் சொன்னாள்.

கடைசி ஆள் கடந்ததும் பேருந்து போனது. நாங்கள் ரவுண்டானாவுக்கு நடந்து அடுத்த பேருந்தைப் பிடித்தோம். செவ்வாயும் அப்படித்தான். புதன்கிழமை போலீஸ் வந்தது. வந்தவர் எங்களையும் பார்த்தார், தரையில் இருந்த கோட்டையும் பார்த்தார்.

"எதுக்கும்மா ஒவ்வொருத்தரா போறீங்க? சேந்து போங்களேன்."

"கும்பலாப் போனா மறியல்னு கேஸ் போடுவீங்க சார். அதான் தனித்தனியா."

"கொஞ்சம் வேகமாவாவது நடங்க."

அண்ணி என்னைக் காட்டினாள். "இவ மாசமா இருக்கா. மத்தவங்க காலைலேர்ந்து நின்னுக்கிட்டே வேலை பாத்துட்டு வர்றாங்க. வேகமா நடக்கணும்னு சட்டத்துல இருக்கா? இருந்தா சொல்லுங்க, நடக்கிறோம்."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு எங்களுக்காகப் போக்குவரத்தை நிறுத்திக் கடக்க விட்டார். அவரால் சட்டப்படி செய்ய முடிந்தது அதுதான்.

ஆனால் எல்லாம் சிரிப்பாகவே போகவில்லை. எங்கள் துணி வண்டிகளும் அந்த நெரிசலில் மாட்டின. வியாழனன்று சூப்பர்வைசர் கூப்பிட்டு, முதலாளி கோபமாக இருக்கிறார், இது தொடர்ந்தால் சிலர் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும் என்றார்.

"கேட்டுக்குள்ள உங்க நேரம் சார். கேட்டுக்கு வெளிய என் காலு," என்றாள் அண்ணி. குரல் கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் மடித்ததில் விளிம்போடு விளிம்பு சேரவில்லை. அன்று அவள் ஒரே விரிப்பை மூன்று தடவை உதறினாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது பேர்தான் மிஞ்சினோம். கிளி மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று ஆட்டோவில் போய்விட்டாள். அண்ணி யாரையும் ஒரு சொல் குறை சொல்லவில்லை. வீட்டில்தான் சண்டை. "நாளைக்கு உன் பாஸை முடக்கிட்டா என்ன பண்ணுவ? எல்லாம் அவங்க கைல இருக்கு. ஒரு பட்டனத் தட்டினா நீ காலி," என்று அண்ணன் சத்தம் போட்டான். "அப்படி ஒரு பட்டன் அவங்ககிட்ட இருக்குங்கிறதாலதாங்க நடக்கிறேன்," என்றாள். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான். எனக்கு அவன் பயமும் நியாயமாகப் பட்டது. அவள் பிடிவாதமும் நியாயமாகப் பட்டது. அன்று எல்லாப் பாத்திரத்தையும் நானே கழுவினேன்.

மறு திங்கள் காலை மழை. வழக்கம்போல் ரவுண்டானாவில் இறங்கித் திரும்பி நடந்தோம். மண் சேறாகியிருந்தது. ஒரு கண்டெய்னர் லாரி ஒட்டி வந்தது. ஒதுங்கக் கால் வைத்த இடத்தில் மண் சரிந்தது. சாக்கடைப் பள்ளத்துக்குள் முழங்கால்வரை போய்விட்டேன். ஒரு கை வயிற்றில், ஒரு கை கரையில். வலி இல்லை. பயம்தான். அண்ணி குடையை எறிந்துவிட்டுக் குப்புறப் படுத்து என் இரண்டு தோளையும் பிடித்தாள்.

அப்போது ரவுண்டானாவில் திரும்பிய பதினான்காம் எண் எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. தொப்பி டிரைவர் இருக்கையைவிட்டு எழுந்து கதவருகே வந்துவிட்டார். கண்ணாடிக் கதவை உள்ளிருந்து தள்ளினார். அது அசையவில்லை. கதவுக்கு மேல் சிவப்புக் கைப்பிடி ஒன்று இருக்கும். தீப்பிடித்தால் மட்டும் இழுப்பதற்கு. இழுத்தால் உடனே அலுவலகத்துக்குத் தகவல் போகும். அவர் கை அதுவரை போனது. அதற்குள் அண்ணியும் மற்றவர்களும் என்னைக் கரையேற்றிவிட்டார்கள். நான் நிற்பதைப் பார்த்ததும் அவர் கை கீழே இறங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் செத்துப்போயிருந்தது. பேருந்து போய்விட்டது.

சலவைக்கூடத்தில் வெந்நீரில் காலைக் கழுவினேன். வயிற்றுக்குள் குழந்தை புரண்டது. அண்ணி அங்கேயே கைவைத்துப் பார்த்துவிட்டு, முதன்முறையாக, "நீ இன்னைக்குச் சாயங்காலம் ஆட்டோல போயிடு" என்றாள். 

"போக மாட்டேன் அண்ணி. நான் வயித்தத் தள்ளிக்கிட்டு நடந்தாத்தான் ஒன்பது நிமிஷம் ஆகும்."

செய்தி டிரம்மிலிருந்து உருளைக்கும், உருளையிலிருந்து கிடங்குக்கும் போய்விட்டது. மாலையில் வெளியே வந்தபோது இருபத்திரண்டு பேரும் இருந்தார்கள். கிளி எல்லோருக்கும் முன்னால். "மாமியாருக்கு என்ன ஆச்சு?" என்று யாரோ கேட்டதற்கு, "அதுக்கென்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கு" என்றாள்.

ஐந்து பத்துக்குப் பேருந்து வந்து நின்றது. அண்ணி முதல் அடி வைத்தாள். அப்போது டிரைவர் எஞ்சினை அணைத்தார். எழுந்து வந்தார். இந்தத் தடவை கை யோசிக்கவில்லை. சிவப்புக் கைப்பிடியை இழுத்தார். கதவு புஸ்ஸென்று பிளந்து திறந்தது. உள்ளே எச்சரிக்கை மணி கிறீச்சிட ஆரம்பித்தது. அவர் படியில் இறங்கி நின்று, "ஏறுங்கம்மா. மாசமா இருக்கிற பொண்ணு முதல்ல" என்றார்.

"உங்க வேலை, அண்ணே," என்றாள் அண்ணி.

"என் வேலை ஆள ஏத்துறது. ஏறுங்க."

ஏறினோம். மணி காதைப் பிளந்தது. அதோடேதான் பேருந்து கிளம்பியது. வழியெல்லாம் அலறிக்கொண்டே போனோம். தெருவில் போனவர்கள் ஏதோ தீயணைப்பு வண்டி என்று ஒதுங்கினார்கள். அந்தக் கண்ணாடி போட்ட ஆசிரியை தன் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு என்னை உட்காரச் சொன்னார். சேறு காய்ந்த என் பாவாடை ஓரத்தைப் பார்த்துவிட்டு, "காலைல விழுந்தது நீங்கதானா?" என்று கேட்டார்.  இறங்கும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் பேருந்தில் வேறு டிரைவர். தொப்பி டிரைவரை விசாரணை முடியும்வரை டிப்போவில் பேருந்து கழுவும் கொட்டகைக்குப் போட்டுவிட்டார்கள் என்றார்.

ஒரு விஷயம் நாங்கள் எதிர்பாராதது. சிவப்புக் கைப்பிடியை இழுத்தால் தகவல் போவது திட்ட அதிகாரிக்கு அல்ல, பாதுகாப்புப் பிரிவுக்கு. கைப்பிடி இழுத்த இடத்தை யாராவது நேரில் வந்து பார்த்து எழுத வேண்டும் என்பது அவர்கள் விதி. புதன்கிழமை அளவு நாடாவும் காலில் ரப்பர் பூட்ஸுமாக ஒரு அம்மாள் வந்தார். அண்ணி நடந்ததைச் சொன்னதும், நான் விழுந்த இடத்தையும் பார்த்தார். பள்ளத்தின் ஆழத்தை அளந்தார். லாரிகளை எண்ணினார். எங்களோடு ரவுண்டானாவிலிருந்து நடந்தும் பார்த்தார். பாதி வழியில் அவருடைய ஒரு பூட்ஸ் சேற்றில் நின்றுவிட்டது. அதைப் பிடுங்கி எடுத்துக் கொடுத்தவள் அண்ணிதான்.

பத்து நாளில் நிறுத்தம் திரும்ப வந்தது. "சலவைக்கூடம், தற்காலிகம்" என்று எழுதிய ஒரு கம்பம். திறப்பு மாதிரி ஏதோ செய்ய வேண்டும் என்று திட்ட அதிகாரி போட்டோ எடுக்கும் ஆளோடு வந்திருந்தார். புத்தம் புதுப் போன் ஒன்றை அண்ணியிடம் நீட்டினார். "நீங்கதாம்மா முதல் கோரிக்கைய அழுத்தணும். பஸ் வருது பாருங்க."

அண்ணி போனை வாங்கவில்லை. கம்பத்துக்கு முன்னால் போய் நின்று வலது கையை நீட்டினாள். புது டிரைவர் நிறுத்தினார். கதவு திறந்தது. போட்டோக்காரர் என்ன எடுப்பது என்று தெரியாமல் நின்றார். அண்ணி ஏறவில்லை. திறந்த கதவின் முன்னால் நின்று அதிகாரியிடம் சொன்னாள்: "நிறுத்தம் வந்துடுச்சு, சரி. எங்களை ஏத்தின ஆளு எங்க?"

"அது டிப்போ விஷயம்மா. அவர் விதிய மீறிட்டார்."

"அவர் மீறலேன்னா உங்களுக்கு இங்க ஆள் இருக்கிறதே தெரிஞ்சிருக்காது."

அந்தச் சனிக்கிழமை நாங்கள் இருபத்திரண்டு பேரும் டிப்போ கேட்டுக்குப் போனோம். அண்ணனும் வந்தான். வேலை உடையிலேயே, கருவிப் பையோடு. யாரும் கூப்பிடவில்லை. "லிப்ட் கதவு மாட்டிக்கிச்சுன்னா நாங்களும் அவசரக் கைப்பிடியத்தான் இழுப்போம். அதுக்கு எவன் விசாரணை வைக்கிறான்?" என்று எங்களிடம் சொல்வதுபோல் வாட்ச்மேனுக்குச் சொன்னான். அண்ணி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.  தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

தொப்பி டிரைவர் கையில் குழாயோடு, முழங்கால்வரை நனைந்தபடி கேட்டுக்கு வந்தார். கோபமாக இருந்தார். "எனக்காக யாரையும் வரச் சொல்லல நான். போங்கம்மா. இருக்கிறதும் போயிடும்."

"உங்களுக்காக வரலண்ணே. அந்தப் புது டிரைவர் திருப்பத்துல வண்டிய ஒடிக்கிறார், நாங்க ஒருத்தர் மேல ஒருத்தர் விழறோம்," என்றாள் அண்ணி. அவர் சிரித்துவிட்டார். மூன்று சனிக்கிழமை போனோம். மூன்றாவது சனிக்கிழமை பாதுகாப்புப் பிரிவு அம்மாளின் அறிக்கை வந்தது. அவசரத்தில் இழுத்தது சரியே என்று எழுதியிருந்தார். தொப்பி டிரைவரை மறுபடி வண்டி ஓட்ட விட்டார்கள். ஆனால் ஒன்பதாம் எண்ணில். எங்கள் வழிக்கு வரவே இல்லை. அதை நாங்கள் ஜெயித்தோம் என்று சொல்ல மாட்டேன். சில நாள் மாலையில் சந்திப்பில் இரண்டு பேருந்தும் பக்கத்தில் நிற்கும்போது அவர் தொப்பியைத் தொடுவார். நாங்கள் எல்லோரும் கையாட்டுவோம்.

முகம் காட்டும் பெட்டி அந்த இருபத்திரண்டு அரை நாட்களை இன்னும் திருப்பித் தரவில்லை. அது வேறு சண்டை. கிளி அதை எடுத்திருக்கிறாள்.

கம்பத்தில் இன்னும் தற்காலிகம் என்றுதான் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்காவிட்டால் பட்டியலிலிருந்து தானாக நீங்கிவிடுமாம். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு முறை அண்ணி சாப்பாட்டுப் பையோடு அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போகிறாள். மூன்றாம் மாடியில் அதிகாரிக்கு எதிரே உட்காருகிறாள். புதுப்பித்த தாளைக் கையில் வாங்காமல் எழுந்திருப்பதில்லை. போன வாரம் போனபோது அவர், "இனிமே நீங்க இவ்வளவு தூரம் வர வேணாம்மா. செயலிலேயே புதுப்பிச்சுக்கலாம், வசதி பண்ணிட்டோம்" என்றாராம்.

"அதுல உக்கார நாற்காலி இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டு, அண்ணி நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாளாம்.